மூன்று புள்ளிகள்

சுண்டெலிகளுக்குத் தீனி வைப்பவன் நான்.
ஆராய்ச்சி நடப்பது மூன்றாம் மாடியில்.
பாசல் நகரில், ரைன் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில்,
பதினெட்டு வருடமாக
அதே நிலவறை,
அதே மரத்தூள் நெடி.

செவ்வாய்க்கிழமை புளூரினா இறங்கி வந்தாள்,
கையில் கண்ணாடித் தட்டோடு.
"ரேத்தோ, இதைப் பாருங்களேன்."

பிறக்காத குட்டியின் குடல்.
கருவில் பதினேழாம் நாள்.
ஊதாச் சாயத்தில் தோய்த்துச்
சுருள் நீக்கிய நூல்போலக் கிடந்தது.
நூலில் புள்ளிகள்.
எட்டு இருக்கும் வழக்கமாக,
ஒன்பது கண்டாலும் யாரும் வியப்பதில்லை.
இதில் மூன்று.
மூன்றும் சோனி.

"சாயம் கெட்டுவிட்டது போல.
நாளைக்குத் தூக்கிப் போட்டுவிடுவேன்."

லிஃப்டில் நிற்பவருக்கும் பாடம் நடத்துகிறவள் அவள்.
அன்று எனக்கு நடத்தினாள்.

குடல் முதலில் வெறும் குழாயாம்.
காவல் இல்லை, சாவடி இல்லை.
ரத்தத்தோடு சில செல்கள் அலைந்து வருமாம்,
ஊர் தெரியாத ஊருக்கு வந்தவை போல.
சுவரில் எங்கோ ஒரு செல்
துளி ரசாயனத்தைக் கசியவிடும்.
வந்தவற்றுக்குக் கண் இல்லை, காது இல்லை.
எந்தப் பக்கம் அது அடர்த்தியோ
அந்தப் பக்கம் நகரும்.
நகர்ந்து, சுவரைத் தொட்டு,
தன் பங்குக்கு வேறொரு ரசாயனத்தால் பதில் சொல்லும்.
பதில் கேட்ட சுவர் இன்னும் கசியும்.
இன்னும் பத்து வரும்.
அப்புறம் நூறு.
திட்டாகும். நோய் தடுக்கும் வீடாகும்.

எனக்குப் போன வாரத் திருவிழா நினைவு வந்தது.
திங்கள் விடிகாலை நான்கு மணிக்கு
ஊர் விளக்கெல்லாம் அணைப்பார்கள்.
இருட்டில் ஏதோ ஒரு சந்தில் முரசு.
அடுத்த சந்திலிருந்து குழல்.
நான் குழல்காரன்.
யார் கூப்பிட்டது, யார் வந்தது
என்று பிரிக்க முடியாத ஒரு நொடி உண்டு.
அதற்குள் சதுக்கம் நிறைந்துவிடும்.

"யார் முதலில் பேசியது?" என்று கேட்டேன்.
"அது தெரிந்தால் நான் ஏன்
ராத்திரி பதினோரு மணிக்கு இங்கே நிற்கிறேன்?"

அவள் போன பிறகு
பேரேட்டைப் புரட்டினேன், சும்மாதான்.
ஏழாம் வரிசைக் கூண்டுகள்.
என் கையெழுத்து. என் டிக்.
மூட்டை எண் நாற்பத்தொன்று.
அது கண் ஆராய்ச்சிக்காரர்களின் மூட்டை,
வைட்டமின் ஏ நீக்கியது.
பக்கத்து மூட்டையும் அதே பழுப்பு, அதே தையல்.
சினை தரித்த தாய்களுக்கு மாதக்கணக்காக
அதைத்தான் அளந்து போட்டிருக்கிறேன்.

வயிற்றில் புளியைக் கரைத்தது.

மூட்டை காலி. குப்பை வண்டி வந்து போயாயிற்று.
அவள் சாயத்தைத்தான் சந்தேகப்படுகிறாள்.
சாயம் வாய் திறக்காது.
நானும் திறக்காவிட்டால்
நாளைக்கு அந்த ஊதா நூல் குப்பைக்குப் போகும்,
எனக்குப் பென்ஷன் இன்னும் நான்கு வருடம்.

படியேறினேன்.
மூன்றாம் மாடியை நான் பார்த்தது அன்றுதான்.
சன்னல் வழியே ஆறு தெரிந்தது.
இவர்களுக்கு ஆறு தெரிகிறது என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திட்டுவாள் என்று நின்றேன்.
"எந்தத் தேதியிலிருந்து?" என்றாள்.
பிறகு, "எத்தனை தாய்கள்?"
பிறகு நாற்காலியைத் தள்ளிப் போட்டாள், எனக்கு.
அவள் கை நடுங்கியது. என் கையும்தான்,
காரணம் வேறு.

தாய் தின்ற வைட்டமின்
உள்ளே போய் ஒரு அமிலமாகி
அந்த முதல் கசிவைத் தூண்டிவிடுகிறதோ,
அது குறைந்ததால்
கூப்பிடும் குரலே கம்மிவிட்டதோ,
என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.
"இருக்கலாம்" என்று ஒரு முறை. "இல்லாமலும் போகலாம்" என்று இரு முறை.

"ஏழாம் வரிசையில் இன்னும் நான்கு தாய்கள் சினை" என்றேன்.
"இப்போதே நல்ல தீனிக்கு மாற்றிவிடுகிறேன்."

அவள் ஆற்றைப் பார்த்தாள்.
"இரண்டை மாற்றுங்கள்.
இரண்டை வேண்டாம்."

புதன் காலை
நாற்பத்தொன்றாம் எண்ணில் புது மூட்டை வந்தது.
தேதி போட்டேன். கையெழுத்திட்டேன்.
இம்முறை தவறு எதுவும் இல்லை.
கூண்டைத் திறந்ததும்
அந்தச் சாம்பல் நிறத் தாய்
என் விரலை மோந்து பார்த்துவிட்டு
நம்பித் தின்னத் தொடங்கியது.

மதியச் சாப்பாட்டுக் கேரட்டை
நான் தொடவில்லை.